நரி முகம்

பினாங்கில் நரி கிடையாது.
ஆனாலும் தவுக்கே கோவின் கணக்குப் புத்தகத்தில்
ஆங்கிலத்தில் நரி என்றுதான் இருக்கிறது,
வாலுக்கு முப்பது வெள்ளி.

மலாய்க்காரர்கள் மூசாங் என்கிறார்கள்.
தமிழ் அகராதி மரநாய் என்கிறது.
நாயா? இல்லை. நரியா? அதுவும் இல்லை.
கண்ணைச் சுற்றிக் கரி பூசிக்கொண்டு
பூனைக்கும் கீரிக்கும் நடுவில் எங்கோ நிற்கிற ஒன்று.
கிளைவழி வரும், கிளைவழி போகும்.
பழுத்ததை மட்டும் தொடும்.
அதன் பெயரைத்தான் வைத்திருக்கிறார் தவுக்கே
தன் விலை உயர்ந்த டுரியானுக்கு:
கிலோ எழுபத்தைந்து.

பாயான் லெப்பாஸில் பதினோரு வருடம் இரவு ஷிப்ட்.
மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்
கால் கோணிய சிப்புகளை ஒதுக்கிக்கொண்டிருந்தேன்.
கம்பெனி வியட்நாமுக்குப் போனது.
கண் மட்டும் என்னோடு வந்தது.
அக்கா புருஷன் நவநீதன், தவுக்கேயின் லோரி டிரைவர்,
"இவளுக்கு இமைக்கத் தெரியாது தவுக்கே" என்றார்.
அதுதான் என் சிபாரிசுக் கடிதம்.

துப்பாக்கி அவர் பெயரில். லைசென்சும் அவர் பெயரில்.
விரல் மட்டும் என்னுடையது.

காற்றுத் துப்பாக்கி என்றால் சிரிக்கிறார்கள்,
திருவிழாவில் பலூன் சுடுவது என்று நினைத்து.
கைப்பம்பை அறுபது தடவை அழுத்தித்
தோள் கழன்ற பிறகு சிரிக்கட்டும்.
உளுந்தளவு ஈயம்.
இருபத்தைந்து மீட்டர் தாண்டினால் சுடக் கூடாது.
கண்ணுக்கும் காதுக்கும் நடுவில்
ஐம்பது காசு அகலம், அவ்வளவுதான் இடம்.
உடம்பில் பட்டால் சாகாது;
சாக நாளாகும்.
மைலோ டின் மூடியில்
ஐந்து குண்டும் ஒரே ஓட்டைக்குள் போகும்வரை
நான் மலையேறவில்லை.

பதினொரு வால்.
பதினொன்றும் விழுந்த இடத்திலேயே.

பன்னிரண்டாவது நாள் அல்ல, பன்னிரண்டாவது வால்.
பாலிக் பூலாவ் சரிவு, மணி நாலே கால்.
சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச்சில் இரண்டு கங்கு.
மூச்சைப் பாதி விட்டேன். நிறுத்தினேன்.
விரல் நகர்ந்த அதே நேரம்
கடலிலிருந்து ஒரு காற்று.

சத்தத்திலேயே தெரிந்துவிடும்.
மண்டை என்றால் டக்.
இது ஈரத் துணியைக் கல்லில் வைத்த சத்தம்.

இரண்டு மணி நேரம் தேடினேன்.
ஓடை, ஜாதிக்காய் மரத்தடி, உரக் கொட்டகை.
அட்டை கணுக்காலில் ஏறியதைக்கூட
பிறகுதான் பார்த்தேன்.

விடியும்போது கிடைத்தது,
பழம் விழுவதற்காகக் கட்டிய வலையில்.
பழம்போலவே
லேசாக ஆடிக்கொண்டு,
கண் திறந்து,
என்னை நேராகப் பார்த்துக்கொண்டு.

போனஸ் வருகிற நாளில்
பக்கத்து மேசை வகுளா சொல்வாள்:
"இன்னிக்கி நரி முகத்துலதான்டி முழிச்சேன்."
நரியை அவளும் பார்த்ததில்லை, நானும்தான்.

கிட்டே நின்று சுட்டால்
குண்டு குறிக்குக் கீழே படும்.
குழாய் கீழே, கண்ணாடி மேலே,
இரண்டும் சந்திக்கத் தூரம் வேண்டும்.
அதனால் அதன் தலைக்கு மேல்
ஒன்றுமே இல்லாத இடத்தில்
குறி வைத்தேன்.
கிட்டத்தில் கண்ணாடி கலங்கும்.
கண்ணாடி என்றே
வைத்துக்கொள்ளுங்கள்.

டக்.

முப்பது வெள்ளியை வேண்டாம் என்று சொல்லவில்லை.
எண்ணித்தான் வாங்கினேன்.
பாயா தெருபோங் பஸ்ஸில்
பக்கத்தில் உட்கார்ந்த மலாய் அம்மா முகர்ந்து பார்த்துச்
சிரித்தாள்: "வாசனை! பாண்டான் இலையா?"

மூசாங் வாசம் அது.
கட்டி சோப்பு, எலுமிச்சை, மண்ணெண்ணெய்,
எதற்கும் போகவில்லை.

அன்றைக்குச் சோறு வடிக்கும்போது
கொடியிலிருந்து கிள்ளிப் போட இருந்தேன்,
வழக்கம்போல இரண்டு இலை.
அடுப்பை அணைத்தேன்.
சோறு அரை வேக்காடு.